பதில் பிளாக்கில் இருக்கிறது

காரியாபட்டி, ஆவியூர், கல்குறிச்சி, மல்லாங்கிணர், முடுக்கன்குளம் பக்கம் பழைய அம்பாசிடரையோ வேறு பழைய காரையோ இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிற அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,



மதுரையில் ஒரு ரீபோரிங் பட்டறையில், லேத்துக்கும் போரிங் மிஷினுக்கும் நடுவே வயசைக் கழித்தவன் எழுதுகிறேன். உங்கள் பக்கத்து வண்டிகளின் பிளாக்குகள் லோடு ஆட்டோவில் ஏறி, எலியார்பத்தி டோல்கேட்டைத் தாண்டி எங்களிடம் வந்து இறங்கும். கூடவே வருகிறவர் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, இதையே கட்டிரலாமா, இல்ல வேற இன்ஜின் ஏத்திரலாமா?"

கேட்பவர்களில் பாதிப் பேர் முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்பார்கள். முகூர்த்த மாதம் பிறப்பதற்குள் வண்டி ரோட்டுக்கு வந்தாக வேண்டும். மெக்கானிக் ஏற்கெனவே எங்கேயோ ஒரு இன்ஜினைப் பார்த்து வைத்திருப்பார். நான் தலையாட்டினால் போதும். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இந்த ஒரு மடலில் எழுதிவிடுகிறேன்.

முதலில், கெட்டுப்போனது இன்ஜின்தானா? சிரிக்காதீர்கள். "இன்ஜின் போச்சு" என்று வந்த வண்டிகளில் எத்தனையோ வண்டிக்கு ரேடியேட்டர்தான் போயிருந்தது. நம் கரிசல் பக்கத்து போர்வெல் தண்ணீர் எப்படிப்பட்டது என்று வீட்டில் குண்டாவின் அடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதே தண்ணீரை வருஷக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினால், குழாய்களிலும் பிளாக்கின் தண்ணீர் அறைகளிலும் சுண்ணாம்பு ஏறிக்கொள்ளும். வண்டி சூடாகும், ஹெட் கேஸ்கட் போகும், ஆயிலில் தண்ணீர் கலந்து பால் காபி நிறத்துக்கு வரும். பார்த்தவர் பயந்துபோய் இன்ஜினை இறக்கச் சொல்லிவிடுவார். ஹெட்டைக் கழற்றி, மட்டம் பார்த்து ஃபேசிங் பிடித்து, கேஸ்கட் போட்டு, ரேடியேட்டரைச் சுத்தம் செய்தால் முடிகிற வேலை அது.

புகையையும் நின்று பாருங்கள். கறுப்பு என்றால் கார்புரேட்டரோ டீசல் பம்போ எரிபொருளை அதிகம் தள்ளுகிறது. வெள்ளை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. அதிலும் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு குப் நீலம் அடித்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு கைடும் சீலும்தான் காரணம். மேலே மட்டும் வேலை. ஓடஓட நீலம் கூடி, ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து காற்று புஸ்ஸென்று தள்ளினால் ரிங்கும் போரும், அதாவது சிலிண்டரின் உள்சுவரும், தேய்ந்திருக்கின்றன. கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒருமுறை பார்த்து, பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுமுறை பாருங்கள். ஆயில் விட்டதும் அழுத்தம் ஏறினால் குறை ரிங்கிலும் போரிலும். ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ. கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமல் இன்ஜினை இறக்கச் சொல்கிற மெக்கானிக்கிடம் காரணம் கேளுங்கள்.

காரியாபட்டி, ஆவியூர் பக்கம் வண்டிகளுக்கு இன்னொரு சங்கதி உண்டு. கல்குவாரி, கிரஷர் ரோடுகளில் ஓடுகிற வண்டி இழுப்பது வெறும் காற்றை மட்டும் இல்லை, கல்மாவையும் சேர்த்துத்தான். அம்பாசிடரின் பழைய ஏர் ஃபில்டரில் அடியில் ஆயில் நிற்கும்; தூசி அதில் விழுந்து தங்க வேண்டும். அந்த ஆயிலை மாற்றாமல் விட்டால் கல்மாவு நேராகப் போருக்குள் இறங்கி அரைத்துவிடும். புது இன்ஜினே ஏற்றினாலும் அதே கதைதான். ஆகவே எந்த முடிவுக்கும் முன்னால் ஃபில்டரைக் கவனியுங்கள்.

சரி, இன்ஜின்தான் என்று தெரிந்துவிட்டது, இறக்கியாயிற்று. இனி பேச வேண்டியது நீங்களோ நானோ மெக்கானிக்கோ இல்லை. போர் கேஜ் பேச வேண்டும்.

அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், இங்கிலாந்தின் பிஎம்சி கம்பெனி பி சீரிஸ் என்று பெயரிட்ட குடும்பத்தைச் சேர்ந்தது. உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் அச்சில் 1950களின் கடைசியில் அம்பாசிடரைச் செய்யத் தொடங்கி, 2014 மே மாதம் நிறுத்தியது. இந்த இன்ஜினின் போர் 73 மில்லிமீட்டர் சொச்சம், ஸ்ட்ரோக் 89 மில்லிமீட்டர். கனமான வார்ப்பிரும்பு பிளாக். சுவர் தடிமனாக இருப்பதால் தேய்ந்த போரைப் பெரிதாக்கி 20 ஓவர்சைஸ், 40 ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அதையும் தாண்டிவிட்டால் லைனர் அடித்துப் பழையபடி ஸ்டாண்டர்டு அளவுக்கே கொண்டுவரலாம். கிராங்கையும் அப்படியே படிப்படியாக கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங் போடலாம். தேய்ந்தால் திரும்பக் கட்டுவதற்கென்றே வடிவமைத்த இன்ஜின் இது.

போரின் மேல் விளிம்பில், ரிங் ஏறி நிற்கும் இடத்தில், விரலை வைத்துத் தடவினால் ஒரு படி தட்டுப்படும். ரிங் தொடாத இடம் பழைய அளவிலேயே இருக்கும், தொட்ட இடம் தேய்ந்திருக்கும். அந்த வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டு பங்கைத் தாண்டிவிட்டால் ரிங் மட்டும் மாற்றி ஒப்பேற்றுவது ஏமாற்று வேலை. அடுத்த தீபாவளிக்குள் புகை திரும்ப வரும். போர் ஒரு பக்கமாக நீள்வட்டமாகவும் தேய்ந்திருக்கும். நாலு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளந்து, அளவுகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். நல்ல பட்டறைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கிராங்கின் ஜர்னல்களுக்கும் அப்படியே.

இன்னொன்று. பிஸ்டனை முதலில் வாங்குங்கள், பிறகு போர் அடிக்கச் சொல்லுங்கள். டப்பாவில் அச்சடித்த அளவும் உள்ளே இருக்கும் பிஸ்டனின் அளவும் மயிரிழை மாறும். கையில் இருக்கும் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் பிடித்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் போரை முடிக்க வேண்டும். பிஸ்டன் வருவதற்குள் போர் அடித்து வைக்கிற பட்டறைக்கு வேலையை விட அவசரம்தான் பெரிது. சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது 1949இல். பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் நம் மாநிலத்திலேயே செய்து பழகிய சரக்குகள்தான். வாங்கும்போது பெட்டியையும் முத்திரையையும் பார்த்து வாங்குங்கள். போலிச் சரக்கு நிறைய உலவுகிறது.

கட்டும்போது ஹெட்டிலும் ஒரு வேலை சேர்த்துச் செய்யுங்கள். இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டது. 2000 பிப்ரவரி முதல் நாட்டில் ஈயப் பெட்ரோல் இல்லை. ஈயம் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெத்தை போலிருந்தது. அது போனபின் வார்ப்பிரும்பு சீட்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கும். எக்ஸாஸ்ட் பக்கமாவது கடினமான சீட்டு ரிங் அடித்துவிடுங்கள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்பின் டயாஃபிரத்தையும் அரிக்கும். புது இன்ஜின் கட்டிவிட்டுப் பத்து வருஷத்து ஹோஸை மாட்டினால், சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஒழுகும். டிக்கியில் சிவகாசிப் பட்டாசோடு திரும்பி வருகிற நாளில் அது நடக்க வேண்டாம்.

இனி, இன்ஜின் மாற்றும் கதை. அதற்கு நம் ஊரில் நீண்ட மரபு உண்டு, நான் அதைக் கேவலமாகப் பேசப் போவதில்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் கரிவாயு பிளான்ட் செய்து பேருந்துகளின் பின்னால் மாட்டி ஓட்டினார். 1950களில் சென்னை சிம்ப்சன் கம்பெனியின் பெர்க்கின்ஸ் பி6 டீசல் இன்ஜின், பெட்ரோலில் ஓடிய எத்தனையோ லாரி பஸ்களுக்கு மறுவாழ்வு கொடுத்தது. அந்த வரிசையில் வந்ததுதான் அம்பாசிடரில் மேட்டடார் இன்ஜின் ஏற்றுகிற வேலை. பஜாஜ் டெம்போவின் மேட்டடாரில் இருந்தது மெர்சிடிஸ் வழிவந்த டீசல். 1980, 90களில் வாடகை அம்பாசிடர்காரர் பலரும் அதை ஏற்றினார்கள். காரணம் ஒன்றே ஒன்று, டீசல் விலை. பெட்ரோல் விலையில் பாதியைச் சுற்றி டீசல் விற்ற காலம் அது. திருச்செந்தூர், ராமேஸ்வரம் என்று நித்தம் ஓடுகிற வண்டிக்கு மாற்றுச் செலவு சீக்கிரம் திரும்பி வந்துவிடும்.

அந்தக் கணக்கு இப்போது செத்துப்போயிற்று. 2010இல் பெட்ரோல் விலையையும் 2014 அக்டோபரில் டீசல் விலையையும் அரசு கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. இன்று தமிழ்நாட்டில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் லிட்டருக்குப் பத்து ரூபாய்க்குள். வருஷத்தில் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிற குடும்ப வண்டிக்கு அந்தப் பத்து ரூபாயை வைத்து டீசல் இன்ஜின் செலவை எடுக்க உங்கள் பேரன் காலம் வரை ஆகும். ஆனாலும் இன்னும் வந்து கேட்கிறார்கள்.

செலவு இன்ஜின் விலையோடு நிற்பதும் இல்லை. கனமான டீசலை முன்னால் ஏற்றினால் அம்பாசிடரின் டார்ஷன் பார் தாங்காமல் மூக்கு தொங்கும். மவுண்டிங்கை வெட்டி ஒட்ட வேண்டும். கியர்பாக்ஸோடு சேர்க்க அடாப்டர், பின் ஆக்சில் பல் விகிதம், ரேடியேட்டர், சைலன்சர் குழாய், வயரிங். பெட்ரோல் இன்ஜினுக்கு வைத்த டிரம் பிரேக், கூடுதல் எடையை நாலுவழிச் சாலையில் நிறுத்த வேண்டும். இப்படி மாற்றிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதிர்வில் டாஷ்போர்டு திருகுகள் தாமாகவே கழன்று விழும்.

பெரிய கம்பெனியே இதில் வழுக்கி விழுந்திருக்கிறது. சென்னை வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்றொரு காரைக் கொண்டுவந்தது. உடம்பு, இங்கிலாந்தில் வி8 இன்ஜினோடு பேர் வாங்கிய ரோவர் எஸ்டி1. உள்ளே வைத்தது பழைய வேன்கார்டு காலத்து வழிவந்த இரண்டு லிட்டர் இன்ஜின். பார்க்க மந்திரி கார். இழுவை இல்லை, பெட்ரோல் குடி அதிகம். மூன்று வருஷத்துக்குள் உற்பத்தி நின்றது. உடம்பும் இன்ஜினும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது படித்த இன்ஜினியர்கள் கூட்டத்தாலேயே சமாளிக்க முடியவில்லை.

இல்லாத குறையால் மாற்றியவர்கள் கதை வேறு. கியூபாவில் அமெரிக்கத் தடைக்குப் பிறகு பாகம் கிடைக்காமல், 1950களின் செவர்லேக்களுக்குள் ரஷ்ய இன்ஜின்களும் டீசல்களும் ஏறின. யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் இல்லாதபோது, அங்கே இன்ஜினை மாற்றவில்லை, எரிபொருளை மாற்றினார்கள். ஆஸ்டின் கேம்பிரிட்ஜையும் மோரிஸ் மைனரையும் சில துளி பெட்ரோலில் கிளப்பி, மண்ணெண்ணெய்யில் ஓட்டினார்கள். அந்தக் கேம்பிரிட்ஜுக்குள் இருந்ததும் நம் அம்பாசிடருக்குள் இருப்பதும் ஒரே பி சீரிஸ் குடும்பம். நமக்குத் தடையும் இல்லை, தட்டுப்பாடும் இல்லை.

சட்டத்துக்கு வருகிறேன். இதைத்தான் பலரும் கடைசியில் யோசிக்கிறார்கள், முதலில் யோசித்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வண்டி செய்த கம்பெனி முதலில் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. விவரம் அமையும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பெட்ரோல் ஆர்.சி. வைத்துக்கொண்டு உள்ளே மேட்டடார் டீசல் ஓடினால் நிலைமை இதுதான். சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரிக்கு மாற்றச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும், ஆர்.சி.யில் ஏற வேண்டும்.

ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் என்று ஒன்று இருக்கிறதே, அது பிளாக்கில் அடித்திருக்கும் நம்பர். பிஸ்டன், கிராங்க், கேம், ஹெட் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பழைய பிளாக்கிலேயே கட்டினால் நம்பர் மாறுவதில்லை, ஆர்.டி.ஓ. பக்கம் போக வேண்டிய வேலையே இல்லை. பிளாக் மாறினால்தான் வண்டியின் அடையாளம் மாறுகிறது. விபத்து நடந்து இன்ஷூரன்ஸ்காரர் சோதிக்க வந்தால் முதலில் துடைத்துப் பார்ப்பதும் அந்த நம்பரைத்தான். இரும்புக் கணக்கிலும் சட்டக் கணக்கிலும் பிளாக் நன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதனால்தான் இறக்காமல், கழற்றாமல், அளக்காமல் முடிவெடுக்காதீர்கள் என்று இத்தனை பிடிவாதமாகச் சொல்கிறேன்.

பிளாக் நிஜமாகவே செத்துப்போகும் நேரமும் உண்டு. கனெக்டிங் ராடு ஒடிந்து பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தால், மெயின் பேரிங் இருக்கும் இடத்தில் விரிசல் ஓடியிருந்தால், உப்புத் தண்ணீரில் தண்ணீர் அறைச் சுவரே அரித்து ஓட்டை விழுந்திருந்தால், அதைக் கட்டுவது பணத்தைக் கரைப்பது. போருக்கும் தண்ணீர் அறைக்கும் நடுவே மட்டும் விரிசல் என்றால் லைனர் அடித்துக் காப்பாற்றலாம், அவசரப்பட வேண்டாம். செத்த பிளாக்குக்கு மாற்றாக அதே கம்பெனி, அதே வகை இன்ஜினைத் தேடுங்கள். 1489க்கு 1489. பிற்காலத்து இசுசு 1800 இன்ஜின் ஏற்றினால் வண்டி பறக்கும் என்பார்கள். பறக்கும்தான், ஆர்.சி.யில் சிசி மாறிவிடும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனம் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு, அதே வகை இன்ஜினை முன் அனுமதியின்றி மாற்றிக்கொள்ள மாநில அரசு அனுமதி அளிக்கலாம் என்று சட்டம் ஒரு சலுகை வைத்திருக்கிறது. ஒற்றைக் கார்காரர்களுக்கு அது கிடையாது. முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள், அப்புறம் ஸ்பேனரை எடுங்கள். இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தாகிவிட்டதா, விற்றவர் பில்லில் இன்ஜின் நம்பரை எழுதினாரா என்று மூன்றையும் கையில் வாங்காமல் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளிலோ வேறெங்கோ பணம் கொடுக்காதீர்கள். நம்பரை ராவியிருக்கிற இன்ஜினைத் தொடவே தொடாதீர்கள். "நம்பர நாங்க அடிச்சுத் தர்றோம்" என்று யாராவது சொன்னால் அந்தக் கடை வாசலை விட்டு இறங்கிவிடுங்கள்.

மாருதி 800 மாதிரி வண்டிகளுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். 1983 டிசம்பரிலிருந்து 2014 ஜனவரி வரை செய்த கார். உடைப்புக்குப் போன வண்டிகள் ஏராளம், நல்ல நிலையில் இன்ஜின் கிடைக்கும். முழுவதும் கட்டுகிற செலவைவிட அதே மாடல் இன்ஜின் மலிவாக அமைந்தால், காகிதம் சரியாக இருந்தால், மாற்றுங்கள், நான் தடுக்க மாட்டேன். கம்ப்யூட்டர் வைத்து ஓடும் புது டீசல் கார்களைப் பற்றி இங்கே பேசவில்லை, அதற்குக் கம்ப்யூட்டர் தெரிந்த தம்பிமார் இருக்கிறார்கள்.

50 வருஷம் தாண்டிய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். 2021இல் வந்த விதிப்படி அப்படிப்பட்ட சொந்த வண்டியை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம். அதற்கு சேஸி, பாடி, இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும். தாத்தா காலத்து மார்க் 2 அம்பாசிடரில் கண்ட இன்ஜினை ஏற்றினால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். ஆனால் விண்டேஜ் ஆனபின் அதில் தினமும் அருப்புக்கோட்டைக்குப் போய்வர முடியாது, யோசித்துச் செய்யுங்கள்.

மெக்கானிக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கட்டுகிற வேலையில் அவருக்கு நாள் அதிகம், பழி அதிகம். மறுபடி புகை வந்தால் திட்டு அவருக்குத்தான். ரெடியாக இருக்கும் இன்ஜினை ஏற்றினால் இரண்டு நாளில் முடியும், இன்ஜின் விற்றவரிடம் கமிஷனும் கிடைக்கும். அவர் ஏன் மாற்றச் சொல்கிறார் என்பது இதில் தெரிந்துவிடும். கட்டுகிற வேலைக்கு நியாயமான கூலி கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். கட்டி முடித்த வண்டியை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு இழுத்துப் பிடித்து ஓட்டாதீர்கள். ஒரே வேகத்திலும் ஓட்டாதீர்கள். ஐந்நூறில் ஆயிலை மாற்றி, ஹெட் போல்ட்டை மறுபடி டார்க் வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் வீட்டுக் கொல்லையில், தோட்டத்து மோட்டார் ரூமில், பழைய அம்பாசிடர் இன்ஜின் ஒன்று சாக்கு போர்த்திக் கிடக்கிறது. எனக்கே சில இடம் தெரியும். கிலோ கணக்கில் இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த வண்டியின் ஆர்.சி.யை முறைப்படி ரத்து செய்து, அந்தக் காகிதத்தோடு இன்ஜினை வைத்திருங்கள். பிளக் துளைகளில் கொஞ்சம் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி, மழை படாமல் மரக்கட்டையின் மேல் தூக்கி வையுங்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு பிளாக் உடைந்து 1489 தேவைப்படும்போது, புதுப்பேட்டைக்குப் போகாமல் அவர் உங்கள் வாசலுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு ரீபோரிங் பட்டறைக்காரன்